பிளாஸ்க் உறைக்குள் சைலன்சர்: ஓடன்வால்டில் ஒரு சனிக்கிழமை

சென்ற அக்டோபரில் போய்வந்த பயணம் இது. இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல. என் பெயரில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை எதையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இப்போது முடிந்துவிட்டது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து ஓடன்வால்ட் காட்டுப் பக்கம் ஒரு நாளில் போய்வர நினைக்கிறவர்களுக்கு ரயில் விவரமும் தருகிறேன். ஆனால் பாதிக்கு மேல் எனக்கு நேர்ந்ததுதான் இருக்கும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. டார்ம்ஸ்டாட் பக்கத்தில் ஒரு நிறுவனத்தில் கார்களின் புகைக்குழாய்ச் சத்தத்தைக் குறைக்கும் வேலை. ஊரில் எல்லோரும் சைலன்சர் என்கிறோமே, அதுதான். ஜெர்மனில் அதற்கு ஷால்டெம்ஃபர் என்று பெயர். தினமும் அலுவலகத்தில் நூறு முறை காதில் விழும் சொல். துப்பாக்கி முனையில் மாட்டுகிற குழலுக்கும் இதே பெயர்தான் என்பது ஆறு வருடமாக எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது ஒரு பிறந்தநாள் விழாவில். தோழியின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், மண்டபம் நிறையக் கூட்டம். என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் யாரிடமோ, தன் ஷால்டெம்ஃபர் இறுகவே மாட்டேன் என்கிறது, இறுக்க இறுக்கக் கழன்றுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் துறையாயிற்றே. திரும்பி, "கிளாம்ப் மாத்தினா சரியாயிடும்க்கா, எந்த வண்டி?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "வண்டி இல்லைத் தங்கச்சி. துவக்கு."

துவக்கு என்றால் யாழ்ப்பாணத் தமிழில் துப்பாக்கி. கையில் இருந்த கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

சுகந்தி அக்கா என்று அவரைச் சொல்கிறேன், அது அவர் உண்மைப் பெயரல்ல. பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவர். ஒன்பது வயதில் அம்மாவோடு விமானத்தில் வந்து பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர். இன்று ஓடன்வால்டில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். கூடவே உரிமம் பெற்ற வேட்டைக்காரர். காட்டுப்பன்றிகள் சோளக்கொல்லைகளை உழுதுபோடும் ஊர் அது. அங்கே வேட்டை என்பது எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் தேறிப் பெறுகிற உரிமை. வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் அனுமதித்த காட்டில்தான் சுட முடியும். சில வருடம் முன்பு மரமேடையிலிருந்து காதுமூடி இல்லாமல் சுட்டதில் அக்காவின் இடக்காதில் ஓயாத ஒரு ரீங்காரம் வந்துவிட்டது. வார்டில் எந்தக் கட்டிலின் கருவி கூவுகிறது என்று கண்டுபிடிக்கத் தடுமாறத் தொடங்கியபின்தான் சைலன்சர் வாங்கினாராம். கடையில், ரசீதோடு, சட்டப்படி.

சினிமாவில் அதைக் கொலைகாரன் மட்டும்தான் வைத்திருப்பான். செவிலியர் ஒருவர் காதுக்காக வாங்கி வைத்திருக்கிறார் என்பதை என்னால் விழுங்கவே முடியவில்லை. வேலை சார்ந்த ஆர்வமும் சேர்ந்துகொண்டது. பொருத்தும் பாகத்தைக் கடையில் மாற்றித் தருகிறார்கள், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அதைச் சுடுதளத்தில் சோதித்துப் பார்க்கப் போகிறேன், வேண்டுமானால் வாருங்கள் என்று அக்கா அழைத்தார். உரிமம் இல்லாத நான் எதையும் தொடவோ சுடவோ கூடாது, பார்க்கலாம் என்பது நிபந்தனை.

டார்ம்ஸ்டாட் மைய நிலையத்திலிருந்து மிஷெல்ஸ்டாட்டுக்கு நேர் ரயில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் தனிச் செலவில்லை. டார்ம்ஸ்டாட் கிழக்கு நிலையத்தைத் தாண்டியதும் பீச் மரக்காடு தொடங்கும். அக்டோபரில் அது முழுக்க செம்பு நிறம். போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள்.

ஒன்பது மணி வண்டியில் போய்ப் பத்து மணி வாக்கில் மிஷெல்ஸ்டாட்டில் இறங்கினேன். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் பழைய ஊர். சந்தைச் சதுக்கத்தில் நகர மண்டபம் பருத்த மரத்தூண்களின் மேல் நிற்கிறது, கீழே காலி. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறதாம். எதிரே ஒரு காஃபிக் கடையில் ஆப்பிள் கேக்கும் காஃபியும் ஏழரை யூரோ. இந்த ஊருக்காக மட்டும் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

அக்கா பழைய ஸ்டேஷன் வேகனில் வந்தார். பின்னிருக்கையில் கம்பிமயிர் டாக்ஸ்ஹுண்ட் நாய், பெயர் மிளகு. டிக்கியில் பூட்டிய நீளப் பெட்டிக்குள் துப்பாக்கி, தனியாகப் பூட்டிய சின்னப் பெட்டியில் தோட்டாக்கள். நான் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தேன். அக்காவோ, மருத்துவமனை கேன்டீனில் இப்போதெல்லாம் சாம்பாரென்று எதையோ ஊற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். கேட்காமல் இருக்க முடியாமல், துப்பாக்கிக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர் எப்படி அதையே கையில் எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் கேக்கிறதுதான்," என்றார். "அங்க துவக்கு வச்சிருந்தவன் ஆருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. இஞ்ச நான் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் சொல்லோணும். எனக்கு அந்த வித்தியாசம் பெருசு."

பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் இருந்தது சுடுதளம். மூன்று பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் தகரக்கூரை போட்ட மேடை. மேற்பார்வைக்கு யூர்கன் என்ற உள்ளூர்ப் பெரியவர் இருந்தார். பார்வையாளருக்குக் கட்டணமில்லை. சுடுகிறவருக்குப் பன்னிரண்டு யூரோ. காதுமூடியை யூர்கனே எடுத்துக் கொடுத்தார். சைலன்சர்தான் இருக்கிறதே, எதற்கு என்று கேட்டேன். அவர் அதை என் தலையில் மாட்டிவிட்டார்.

அக்கா பெட்டியைத் திறந்து சைலன்சரை எடுத்தபோது எனக்கு ஏமாற்றம்தான். ஒரு சாண் நீளம், கருப்பு, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் யூர்கன் அலமாரியிலிருந்து நீளவாக்கில் அறுத்த பழைய ஒன்றைக் காட்டியபோது குனிந்து உள்ளே பார்த்தேன். நான் தினமும் கணினியில் வரைகிற அதே அறைகள், அதே தடுப்புத் தட்டுகள். வாயு உள்ளே விரிந்து, சுழன்று, சூட்டையும் வேகத்தையும் இழந்து வெளியே போகிறது. காரில் நாங்கள் புகையை எப்படி வேண்டுமானாலும் வளைத்துத் திருப்பலாம். இங்கே நடுவில் தோட்டாவுக்கு நேரான ஒரு வழி வேண்டும். எல்லாத் தட்டுகளிலும் ஒரே கோட்டில் துளை. தோட்டாவுக்கும் துளை விளிம்புக்கும் இடையில் இருப்பது மிகச் சிறிய இடைவெளி.

அதனால்தான் பொருத்தும் முறைதான் உயிர் என்றார் யூர்கன். குழல்முனை மரையில் நேரடியாகத் திருகுவது ஒரு வகை. மலிவு, எளிமை, ஆனால் சுடச்சுடத் தானே தளரும். முனையில் நிரந்தரமாக ஒரு துண்டை வைத்து, அதன்மேல் சைலன்சரைச் செருகிப் பூட்டுவது இன்னொரு வகை. சட்டென்று மாட்டலாம், கழற்றலாம், ஆனால் பூட்டு முழுதாக விழுந்ததா என்று பார்த்தாக வேண்டும். அக்காவுடையது கையடக்க வகை. குழலின் மேலேயே பின்னோக்கி ஏறி உட்காரும், அதனால் துப்பாக்கி அதிகம் நீளாது, புதருக்குள் நடக்க வசதி. உள்ளே இடம் குறைவென்பதால் சத்தம் குறைவதும் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றுக்கும் மரை அளவு ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாட்டுகிறவர்கள் உண்டாம். ஏறுவதுபோல இருக்கும், ஆனால் மயிரிழை சாய்ந்திருக்கும்.

சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்தார்கள். வாழைப்பூ இதழ் விரிந்த மாதிரி பிளந்த ஒரு உலோகக் குழல். தோட்டா கடைசித் தட்டில் இடித்துவிட்டதாம். சுட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யூர்கன் சொன்னார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அக்கா கடையில் மாற்றிய இணைப்பில் சைலன்சரைத் திருகி, குழலுக்கும் அதற்கும் குறுக்கே வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டார். தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் ஆலையில் போல்ட்டுகளுக்குச் செய்வது இதேதான். மேடையில் உட்கார்ந்து, மூச்சை விட்டு, சுட்டார்.

நான் எதிர்பார்த்தது சினிமாவில் வருகிற அந்தப் பொய்யான மெல்லிய ஒலி. வந்தது இரும்புக் கதவை ஓங்கி அறைந்த மாதிரி ஒன்று. அதற்குப் பின்னால் காற்றைச் சாட்டையால் அடித்தது போலக் காட்டுக்குள் ஓடி மறைந்த வெடிப்பு. காதுமூடியையும் தாண்டி நெஞ்செலும்பில் உணர்ந்தேன். தோட்டா ஒலியைவிட வேகமாகப் போவதால் வருகிற அந்த வெடிப்பை எந்தக் குழலாலும் நிறுத்த முடியாதாம். சைலன்சர் இல்லாமல் ஒரு முறை சுட்டுக் காட்டினார்கள். சைலன்சர் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அமைதிக்காக இல்லை, செவிப்பறை கிழியாமல் இருக்க.

மறுபடி மாட்டிப் பத்து முறை சுட்டபிறகும் வெள்ளைக் கோடு பிரியவில்லை. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சுட்டு முடித்ததும் சைலன்சரை மாட்டியபடியே வைக்கக் கூடாது. ஈரமும் கரியும் சேர்ந்து குழலைத் துரு பிடிக்க வைக்கும். அக்கா தடிக் கையுறையோடு கழற்றி, கருப்பு ரப்பர்த்துணி உறையில் போட்டு, ஆறுவதற்காகப் பின்பக்கப் பலகையில் நிறுத்தினார். அந்தப் பலகையில்தான் என் சின்னத் தேநீர் பிளாஸ்க்கும் நின்றது. அதன் உறையும் கருப்பு, அதே ரப்பர்த்துணி, கிட்டத்தட்ட அதே உயரம். அந்த நேரம் அது யார் கண்ணிலும் படவில்லை.

சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து யூர்கன் கத்தினார். மிளகு கார் கதவு வழியாக நழுவிச் சாலைப் பக்கம் ஓடிவிட்டது. வளைவில் மரம் ஏற்றிய லாரிகள் வருகிற சாலை. அக்கா கைக்கு அகப்பட்டதைத் துப்பாக்கிப் பெட்டியின் உள்பையில் திணித்து, பூட்டி, பெட்டியோடு ஓடினார். நான் மிச்சத்தை என் முதுகுப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். நாயைப் பள்ளத்தில் பிடித்தோம். முன்னங்காலில் கண்ணாடி கிழித்து ரத்தம். அக்கா பதறிப்போயிருந்தார். என்னை நிலையத்தில் இறக்கிவிட்டு, காலைக் கழுவிக் கட்டுப்போட நேரே வீட்டுக்குப் போனார். நிலைய வாசலில் நின்று சரியாக விடைகூடப் பெற்றுக்கொள்ளவில்லை.

ரயிலில் எதிரே கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. பாட் கோனிக் நிலையம் தாண்டியிருக்கும், தேநீர் குடிக்கலாமென்று பக்கப் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். மூடியைத் திருகப் போன விரல்களுக்கு மூடி கிடைக்கவில்லை. ஒரு துளை கிடைத்தது. குனிந்து பார்த்தேன். தீபாவளி மறுநாள் காலைத் தெரு வாசனை மூக்கில் ஏறியது.

எதிரே இருந்த குழந்தை என் கையில் இருப்பதைப் பார்த்துச் சிரித்தது. அதை உறைக்குள் தள்ளி, பைக்குள் போட்டு, பையை மடியில் அணைத்துக்கொண்டேன். அதைக் குழந்தையின் தாய் கவனித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

காலையில் காரில் வரும்போது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த நாட்டில் சைலன்சர் ஒரு உதிரிப் பாகமல்ல, சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிக்குச் சமம். உரிமம் இல்லாதவர் கையில் இருந்தால் குற்றம், தெரியாமல் நடந்தாலும் விடமாட்டார்கள். இறங்கப்போகும் டார்ம்ஸ்டாட் நிலையத்தில் போலீஸ் நிற்பது வழக்கம். என் நிறத்தைப் பார்த்து நிறுத்தியதில் இரண்டு முறை பையைத் திறந்து காட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் நிரந்தர வசிப்புரிமைக்கு எனக்கு டெர்மின், அதாவது அலுவலகத்தில் நேரில் வரச் சொல்லிக் கொடுத்த நாள், இருந்தது. ஆறு வருடம் அந்த நாளுக்காகத்தான் ஓடியிருக்கிறேன்.

கதவருகே போய் அக்காவை அழைத்தேன். நாயின் கால் கழுவிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் தாழ்ந்த குரலில், துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றேன். பூட்டுத் திறக்கிற சத்தம், பிறகு ஜிப் சத்தம்.

"இதுக்குள்ள உங்கட தேத்தண்ணி இருக்கு," என்றார்.

அடுத்த வண்டியில் திரும்பி வந்து கொடுத்துவிடுகிறேன், ஒரு மணி நேரம்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று படபடவென்று சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம். அடுத்த ஸ்டேஷனில இறங்கி அதிலேயே இருங்கோ. பையைத் திறக்காதேங்கோ. நான் பொலிசுக்குக் கோல் எடுக்கிறன்."

"அக்கா, எனக்கு அடுத்த மாசம் டெர்மின் இருக்கு. போலீஸ்னு வந்தா எல்லாம் போச்சு."

"தெரியும். இது என்ர சாமான், என்ர பிழை. நாங்களாச் சொன்னா அது பிழை. வழியில அவங்கள் பிடிச்சா அதுக்கு வேற பேர்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அடுத்து வந்த ரைன்ஹைமில் இறங்கினேன். நடைமேடையில் கடைசி இருக்கையில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைகள் இரண்டும் தெரிகிறபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார யாரும் சொல்லித்தரவில்லை. எதிர்த் திசையில் மிஷெல்ஸ்டாட் போகும் வண்டி வந்து நின்றது. கதவு திறந்திருந்தது. ஏறியிருந்தால் அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏறவில்லை. அது என் நேர்மை என்று சொல்ல மாட்டேன். கால் வரவில்லை, அவ்வளவுதான்.

போலீஸ் வண்டி வந்தது. இளம் பெண் ஒருவர், நடுவயது ஆண் ஒருவர். அந்தப் பெண் முதலில் கேட்டது, இதோடு துப்பாக்கியும் இருக்கிறதா என்பது. இல்லை என்றேன். எழுந்து நான்கு அடி தள்ளி நிற்கச் சொல்லி, அவர் கையுறை போட்டுக்கொண்டு பையைத் திறந்தார். வீடு திரும்புகிற ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். யாரும் நிற்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

அரைமணி கழித்து அக்கா வந்து சேர்ந்தார். ஆவணங்களோடு, என் பிளாஸ்க்கோடு. அந்தப் போலீஸ் பெண் இரண்டையும் வண்டியின் முன்மூடி மேல் பக்கம் பக்கமாக நிறுத்திப் படமெடுத்தார். எடுத்துவிட்டு ஒரு கணம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அக்கா நல்ல ஜெர்மனில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். விருந்தாளிக்கு எதுவும் தெரியாது, தான்தான் உறையைத் திறந்து பார்க்காமல் பெட்டியை மூடியது, பொறுப்பு தன்னுடையது என்றார்.

சைலன்சரைப் பறிமுதல் செய்தார்கள். அக்கா வீட்டில் ஆயுத அலமாரியை இப்போதே பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் சரி என்று தலையசைத்தார். என்னிடம் முகவரியையும் வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டு, போகலாம், கடிதம் வரும் என்றார்கள். பத்து நாளில் வந்தது. அதில் என் பெயருக்கு மேல் அச்சிட்டிருந்த சொல் 'பெஷுல்டிக்டே'. குற்றம் சாட்டப்பட்டவள். கோயம்புத்தூரில் அப்பா அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

டெர்மினுக்குப் போனேன். விசாரணை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றேன். அந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார், ஆனால் அது முடியும்வரை என் விண்ணப்பம் நகராது என்றார். வெளியே வந்து டிராமுக்குக் காத்திருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. என் வாழ்க்கையை வைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டார் என்ற கோபம் எனக்கு. மூன்று மாதம் அப்படியே போனது.

ஜனவரி கடைசியில் வக்கீல் அழைத்து, என்மீதான விசாரணையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றார். உடனே தாங்களாகவே தெரிவித்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்றார். வழியில் சோதனையில் பிடிபட்டிருந்தால் இந்தக் கதையை யாராவது நம்பியிருப்பார்களா என்று கேட்டேன். அவர் யோசித்து, "நான் நம்பியிருப்பேன், அதற்குத்தானே எனக்குச் சம்பளம்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அதே ரயிலில் போனேன். அக்கா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னார். அவருக்கு நடந்ததெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. ஆயுத அலுவலகத்தில் நம்பகத்தன்மை விசாரணை, எழுத்தில் ஒரு எச்சரிக்கை. உரிமம் தப்பியது. ஆனால் விசாரணை நடந்த குளிர்காலம் முழுக்கக் காட்டுக்கு வரவேண்டாம் என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். வேலைசெய்யும் இடத்தில் யாரோ இதைக் கேள்விப்பட்டு, அக்கா உணவறைக்குள் நுழையும்போது பேச்சு நிற்குமாம். இதில் ஒன்றைக்கூட அவர் எனக்குச் செய்தியில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அப்போது நான் படித்திருப்பேனா தெரியாது.

அன்றைக்கு என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா என்றேன்.

"கேட்டிருந்தா நீங்கள் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பீங்கள்," என்றார். "அதுக்குப் பிறகும் நான் கோல் எடுத்திருந்தா, உங்கட சொல்லை மீறினதாப் போயிருக்கும். கேக்காம விட்டா என்னோட மட்டும் கோவிப்பீங்கள். அது பரவாயில்லை எண்டு நினைச்சன்."

அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டும் என்றும் இன்னும் தோன்றுகிறது. அதை அவரிடமே சொன்னேன். ஓம், அது உண்மைதான் என்றார். சேர்ந்து சாப்பிட்டோம். வசிப்புரிமை அட்டை மார்ச்சில் கைக்கு வந்தபோது, அதைப் படமெடுத்து முதலில் அனுப்பியது அவருக்குத்தான்.

போக நினைக்கிறவர்களுக்கு: மிஷெல்ஸ்டாட்டும் அடுத்த நிலையமான எர்பாக்கும் ஒரே நாளில் பார்க்கலாம். அக்டோபர் நடுப்பகுதி சிறந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவாக இருக்கலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் காட்டுப் பாதைகளில் வேட்டை அறிவிப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள், பளிச்சென்ற நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர் யாராவது சுடுதளத்துக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள், காதுமூடியைக் கழற்றாதீர்கள். உங்கள் பையை அவர்கள் சாமான் பக்கத்தில் வைக்காதீர்கள். புறப்படும்போது, நாயே ஓடினாலும் சரி, இரண்டு பேரும் நின்று அவரவர் பைகளை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதையும் மீறி உங்களுக்குச் சொந்தமில்லாத, வைத்திருக்கக் கூடாத ஒன்று உங்கள் பையில் இருப்பது வழியில் தெரியவந்தால், திருப்பிக் கொண்டுபோகாதீர்கள், எறியாதீர்கள், தபாலில் அனுப்பாதீர்கள். அடுத்த நிலையத்தில் இறங்கிப் போலீசை நீங்களே அழையுங்கள். அழைத்தபிறகு கொஞ்ச காலம் வாழ்க்கை நின்றுபோகலாம். இருந்தாலும் அழையுங்கள்.